டெனெரே 700-ஆ, டிரான்ஸால்ப் 750-ஆ? தார்ச் சாலைக்கும் மண் பாதைக்கும் ஒரே வண்டி தேடுபவர்களுக்கு

நாள் முழுக்க நெடுஞ்சாலையில் ஓட வேண்டும். தார் முடிகிற இடத்தில் தயங்காமல் மண்ணில் இறங்க வேண்டும். அதே வண்டியில் வீடு திரும்பவும் வேண்டும். இப்படி ஒரு வண்டி தேடுபவர்கள் பட்டியலைக் குறைத்துக்கொண்டே வந்தால் பெரும்பாலும் இரண்டு பெயர்கள்தான் மிஞ்சுகின்றன: யமஹா டெனெரே 700, ஹோண்டா எக்ஸ்எல்750 டிரான்ஸால்ப். அங்கே வந்து சிக்கிக்கொள்கிறார்கள்.

விவரத் தாளை எடுத்துப் பார்த்தால் குழப்பம் கூடத்தான் செய்யும். இரண்டிலும் பக்கவாட்டில் அடுத்தடுத்து நிற்கும் இரட்டைச் சிலிண்டர், 270 டிகிரி கிராங்க், ஆறு கியர், செயின். இரண்டுக்கும் முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 18 அங்குலம். டயர் அளவுகூட ஒன்றேதான்: முன்னால் 90/90-21, பின்னால் 150/70-18. எடையிலும் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் வித்தியாசம் கிடையாது. ஆனால் ஓட்டிப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு ஆட்களுக்காகச் செய்த வண்டிகள் என்பது முதல் அரைமணி நேரத்திலேயே தெரிந்துவிடும்.

அதற்குக் காரணம் பரம்பரை. 1983-இல் வந்த யமஹா எக்ஸ்டி600இசட் டெனெரே, பாரிஸ்–டக்கார் பந்தயத்தின் சூட்டில் பிறந்தது. ஒற்றைச் சிலிண்டர், பாலைவனத்தைத் தாண்டுவதற்காகச் சுமார் 30 லிட்டர் டேங்க், நீளமான சஸ்பென்ஷன். 1987-இல் வந்த முதல் டிரான்ஸால்ப் வேறு நோக்கத்தோடு வந்தது. 583 சிசி வி-ட்வின் எஞ்சின், காற்றை மறைக்கும் முகப்பு, இருவர் வசதியாக உட்கார்ந்து மலைச் சாலைகளைக் கடந்து போவதற்கான சீட். நாற்பது ஆண்டுகள் ஆகியும் அந்த இரண்டு நோக்கங்களும் இன்றைய வண்டிகளில் அப்படியே இருக்கின்றன. 2019-இல் விற்பனைக்கு வந்த டெனெரே 700 மண்ணிலிருந்து தாருக்கு வந்த வண்டி. 2023-இல் வந்த டிரான்ஸால்ப் 750 தாரிலிருந்து மண்ணுக்குப் போகிற வண்டி.

## எதை வைத்து முடிவெடுப்பது?

இந்த வகை வண்டிகளை ஒப்பிடும்போது பலரும் எல்லா அம்சங்களையும் வரிசையாக எழுதி, எதில் அதிக டிக் விழுகிறது என்று பார்க்கிறார்கள். அது தவறான வழி என்று நினைக்கிறேன். அம்சங்கள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. சிலவற்றை வண்டி வாங்கிய பிறகு காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். சிலவற்றை எவ்வளவு செலவழித்தாலும் சேர்க்க முடியாது, சேர்த்தாலும் நிறைவாக இருக்காது. சேர்க்க முடியாதவற்றுக்குத்தான் முதல் இடம் கொடுக்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் முக்கியமானவை இவை:

- எஞ்சினின் சக்தியும், எந்த வேகச் சுற்றில் அது கிடைக்கிறது என்பதும்
- சஸ்பென்ஷன் எவ்வளவு தூரம் இறங்கி ஏறுகிறது, அதை எவ்வளவு திருத்தி அமைக்க முடியும் என்பது
- தரைக்கும் எஞ்சினின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி
- பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸை எந்த அளவுக்கு அணைக்க முடியும் என்பது
- சீட்டின் உயரம், எடை வண்டியில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது
- சர்வீஸ் இடைவெளி

விண்ட் ஸ்கிரீன், சீட்டின் மென்மை, கைக்காப்பு, கிராஷ் பார், பை மாட்டும் ஸ்டாண்ட் இதெல்லாம் பின்னால் வருகிற கூட்டம். முக்கியம்தான், ஆனால் கடையில் கிடைக்கும்.

எண்களை முதலில் ஒரே இடத்தில் வைத்துவிடலாம்.

| | டெனெரே 700 | டிரான்ஸால்ப் 750 |
|---|---|---|
| எஞ்சின் | 689 சிசி | 755 சிசி |
| சக்தி | சுமார் 73 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 9,000 சுற்றில் | சுமார் 91 குதிரைத்திறன், 9,500 சுற்றில் |
| டார்க் (எஞ்சினின் இழுவிசை) | 68 நியூட்டன் மீட்டர், 6,500 சுற்றில் | 75 நியூட்டன் மீட்டர், 7,250 சுற்றில் |
| எரிபொருளோடு எடை | சுமார் 205 கிலோ. 2025 மாடல் 208 | 208 கிலோ. 2025 மாடல் 210 |
| சீட் உயரம் | 875 மி.மீ. | 850 மி.மீ. |
| தரை இடைவெளி | 240 மி.மீ. | 210 மி.மீ. |
| சஸ்பென்ஷன் பயணம், முன் / பின் | 210 / 200 மி.மீ. | 200 / 190 மி.மீ. |
| முன் பிரேக் டிஸ்க் | இரட்டை, 282 மி.மீ. | இரட்டை, 310 மி.மீ. |
| டேங்க் | 16 லிட்டர் | 16.9 லிட்டர் |
| சக்கர இடைத்தூரம் | 1,595 மி.மீ. | 1,560 மி.மீ. |
| வால்வு சோதனை | 40,000 கி.மீ.க்கு ஒருமுறை | 24,000 கி.மீ.க்கு ஒருமுறை |

## டிரான்ஸால்ப் 750: சாலை முதலில்

இந்த வண்டியின் பெரிய பலம் எஞ்சின். ஹார்னெட் 750-க்கும் இதே எஞ்சின்தான், அதனால் மேல் சுற்றில் ஓடப் பிறந்தது. நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டும்போது 91 குதிரைத்திறனுக்கும் 73-க்கும் உள்ள வித்தியாசம் நன்றாகவே தெரியும். தனியாகப் போகிறவருக்கு அது சொகுசு. பின்னால் ஒருவர், இரண்டு பக்கமும் பைகள், எதிரே ஏற்றம் என்றால் அது தேவை.

உயரமான மலைப் பகுதிகளுக்குப் போகிறவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். எரிபொருள் இன்ஜெக்‌ஷன் கலவையைச் சரிசெய்துகொள்ளும், ஆனால் இல்லாத காற்றை அதனால் உண்டாக்க முடியாது. எனவே எஞ்சின் சக்தியும் அதே அளவு குறையும். அங்கே டிரான்ஸால்ப் 60 குதிரைத்திறன் அளவுக்கு வந்து நிற்கும், டெனெரே 50-க்குக் கீழே இறங்கும். ஒருவர் மட்டும் போனால் 50 போதும். இருவரும் சுமையும் சேர்ந்தால் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முதல் கியரைத் தேட வேண்டியிருக்கும்.

இரண்டாவது பலம், எடை கீழே இருப்பது. 208 கிலோ என்று தாளில் இருந்தாலும் நகர நெரிசலில், பார்க்கிங்கில், மெதுவாகத் திரும்பும் இடங்களில் அந்த எடை தெரியாது. சீட் 850 மி.மீ.தான். ஹோண்டாவின் தாழ்ந்த சீட்டைப் போட்டால் 820-க்கு வந்துவிடும். சஸ்பென்ஷனைத் தொடாமலேயே இந்த உயரம் கிடைப்பது பெரிய விஷயம். உயரம் குறைந்தவர்களுக்கு இந்த ஒரு வரியே போதும், மீதியைப் படிக்கத் தேவையில்லை என்றுகூடச் சொல்வேன்.

எலக்ட்ரானிக்ஸும் தாராளம். ஸ்டாண்டர்ட், ஸ்போர்ட், ரெயின், கிராவல் என நான்கு மோடுகள், நாமே அமைத்துக்கொள்ள யூசர் மோடு ஒன்று. பின்சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலை ஐந்து படிகளில் மாற்றலாம், முழுதாக அணைக்கவும் செய்யலாம். மழையில் நனைந்த சாலையில் இது வெறும் விளம்பரச் சங்கதி அல்ல. முன்னால் 310 மி.மீ. டிஸ்க்குகள் இருப்பதால் சுமையோடு இறக்கத்தில் வரும்போது பிரேக் லீவரை இறுக்கிப் பிடித்துத் தவிக்க வேண்டியதில்லை.

சரி, மண்ணில்? சரளைப் பாதை, காட்டுப் பாதை, காய்ந்த களிமண், குழிகள் நிறைந்த கிராமச் சாலை எல்லாம் இந்த வண்டிக்குச் சாதாரணம். 21 அங்குல முன்சக்கரம் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. சிக்கல் தொடங்குவது கற்களில்.

210 மி.மீ. இடைவெளி கேட்பதற்கு நிறைய. ஆனால் எஞ்சினின் முன்பக்கத்தில் சைலன்சர் குழாய்கள் இறங்கி வரும் இடம் கற்களுக்கு நேராக இருக்கிறது, அதற்கு உருப்படியான அலுமினியக் காப்புத் தகடு தொழிற்சாலையிலிருந்து வருவதில்லை. தனியாக வாங்கிப் பூட்டினால் எஞ்சின் பாதுகாப்பாகும், ஆனால் தகடும் அதன் பிடிகளும் இருக்கிற இடைவெளியில் கொஞ்சம் தின்றுவிடும். அதாவது காசு கொடுத்துப் பாதுகாப்பை வாங்கலாம், இடைவெளியை வாங்க முடியாது.

சஸ்பென்ஷனிலும் இதே கதை. 2025 மாடல் வரை முன்னும் பின்னும் ஸ்பிரிங் இறுக்கத்தை மட்டும்தான் மாற்ற முடியும். அமுங்குகிற வேகத்தையும் திரும்பி எழுகிற வேகத்தையும் கட்டுப்படுத்தும் திருகுகள் கிடையாது. ஹோண்டா மென்மையாக அமைத்திருக்கிறது, சாலையில் அது அருமை. வேகமாகப் போய் ஒரு பள்ளத்தில் விழும்போது முன் ஃபோர்க் சட்டென்று அடிவரை போய்த் தட்டும். 2025-இல் அமைப்பைக் கொஞ்சம் திருத்தினார்கள், ஆனால் திருகுகள் வரவில்லை. எடை கூடியவர்கள் ஸ்பிரிங் மாற்ற வேண்டியிருக்கும், இன்னும் மேலே போனால் ஃபோர்க்கின் உள்பாகங்களையே மாற்ற வேண்டும்.

கடைசியாக ஏபிஎஸ். பின்சக்கரத்துக்கு அணைக்கலாம், முன்சக்கரத்துக்கு முடியாது. கிராவல் மோடில் அதன் தலையீடு குறையும், பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். தளர்ந்த மண்ணில் செங்குத்தாக இறங்கப் பழகியவர்களுக்குத்தான் இது முள்ளாகக் குத்தும். அப்படிப்பட்டவர்கள் குறைவு. நீங்கள் அவர்களில் ஒருவரா என்று சந்தேகமாக இருந்தால், இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

## டெனெரே 700: மண் முதலில்

டெனெரேயில் முதலில் மயங்குவது எஞ்சினின் அடிச்சுற்றில்தான். எம்டி-07-இலிருந்து வந்த சிபி2 எஞ்சின் இது. 2014-இலிருந்து பல வண்டிகளில் ஓடி நம்பகத்தன்மைக்குப் பெயர் வாங்கியது. சக்தி குறைவுதான், ஆனால் டார்க் சீக்கிரமே கிடைத்துவிடுகிறது. கல் நிறைந்த ஏற்றத்தில் இரண்டாவது கியரில், அதிகம் முறுக்காமல், கிளட்ச்சைத் தொடாமல் ஏறிப் போகலாம். அந்த இடத்தில் ஹோண்டாவைக் கொஞ்சம் முறுக்கி வைத்திருக்க வேண்டும், கிளட்ச்சோடு விளையாட வேண்டும். கை ஓய்ந்துபோகிற மாலை நேரத்தில் இந்த வித்தியாசம் விழுவதற்கும் விழாமல் தப்புவதற்கும் உள்ள வித்தியாசம்.

சஸ்பென்ஷனில் முன்னும் பின்னும் 10 மி.மீ. கூடுதல் பயணம். எண்ணாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் அமுங்கும் வேகம், எழும் வேகம் இரண்டையும் திருத்த முடியும், பின் ஸ்பிரிங் இறுக்கத்தைக் கையாலேயே திருகலாம், 2025 மாடலில் முன் ஃபோர்க் ஸ்பிரிங்கையும் இறுக்கலாம். இதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களுக்கு, இன்று தனியாக, நாளை சுமையோடு என்று மாறி மாறி ஓட்டும்போது, ஒரே வண்டி இரண்டு வண்டியாக மாறும். பயன்படுத்தத் தெரியாதவர்களுக்கு அவை வெறும் திருகுகள். கற்றுக்கொள்வது கடினமில்லை. தொழிற்சாலை அமைப்பைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும் இரண்டு கிளிக் மாற்றி, அதே பாதையில் ஓட்டிப் பார்த்தால் சில வாரங்களில் பிடிபட்டுவிடும்.

வண்டியின் உடலமைப்பும் மண்ணுக்கானது. குறுகிய டேங்க், தட்டையான சீட், உயர்ந்த ஹேண்டில்பார். ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்றால் முழங்கால்கள் தாமாகவே டேங்க்கைப் பிடித்துக்கொள்ளும், முதுகு வளையாது. டிரான்ஸால்ப்பிலும் நின்று ஓட்டலாம், ஆனால் சிறிது நேரத்தில் ஹேண்டில்பாரை உயர்த்தும் பிடி வாங்கலாமா என்ற யோசனை வரும்.

240 மி.மீ. தரை இடைவெளி, அடியில் ஓர் அலுமினியத் தகடு. அந்தத் தகடு மெல்லியது. கற்களில் தொடர்ந்து ஓட்டுபவர்கள் கனமான ஒன்றை மாட்டத்தான் வேண்டும். என்றாலும் கீழே இடம் இருக்கிறது, அதுதான் முக்கியம்.

இனி எலக்ட்ரானிக்ஸ். 2024 வரை வந்த வண்டிகளில் கேபிள் த்ராட்டில், டிராக்‌ஷன் கன்ட்ரோல் கிடையாது, மோடுகள் கிடையாது. ஏபிஎஸ்ஸை ஒரு பட்டனை அழுத்தி முழுதாக அணைக்கலாம். சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினால் அது மறுபடி வந்துவிடும், மறுபடி அணைக்க வேண்டும். 2025-இல் எலக்ட்ரானிக் த்ராட்டில், ஸ்போர்ட், எக்ஸ்புளோரர் என்ற இரண்டு மோடுகள், அணைக்கக்கூடிய டிராக்‌ஷன் கன்ட்ரோல், 6.3 அங்குல நிமிர்ந்த திரை வந்தன. ஏபிஎஸ்ஸுக்கு மூன்று நிலைகள்: இரண்டு சக்கரத்திலும் உண்டு, பின்னால் மட்டும் இல்லை, இரண்டிலும் இல்லை. பழைய வண்டியின் எளிமையை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. கேடு வர வாய்ப்புள்ள பொருள்கள் குறைவு. ஆனால் மழையில் நீண்ட தூரம் போகிறவர்களுக்கு 2025 வண்டிதான் என் பரிந்துரை.

குறைகளுக்கு வருவோம். முதல் குறை உயரம். 875 மி.மீ. சீட்டில் பலருக்கும் பாதம் முழுதாகப் பதியாது, விரல் நுனிதான் தொடும். சமதளத்தில் அது பழகிவிடும். சரிவில், ஈர மண்ணில், திரும்ப முடியாத குறுகிய பாதையில் கால் ஊன்ற இடம் கிடைக்காமல் வண்டி சாயும்போதுதான் அந்த உயரம் எவ்வளவு என்று புரியும். அதோடு டேங்க் உயரத்தில் இருப்பதால், நிரப்பியிருக்கும்போது எடை மேலே இருக்கிறது. 2025-இல் டேங்க்கைச் சற்று முன்னும் கீழும் நகர்த்தினார்கள், கொஞ்சம் தேறியது. ஆனாலும் மெதுவாகப் போகும்போது, எடை ஏறக்குறைய ஒன்றாக இருந்தும், இரண்டில் கனமாகத் தெரிவது இதுதான்.

இரண்டாவது, நெடுஞ்சாலை. குறுகிய ராலி பாணி ஸ்கிரீன் மார்பைக் காப்பாற்றும், தோள்களையும் தலையையும் காற்றிடம் விட்டுவிடும். தட்டையான சீட்டில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்கத் தோன்றும். பின்னால் உட்காருகிறவருக்கு இன்னும் சிரமம். துணையோடு போவதுதான் உங்கள் பயணமென்றால், வாங்குவதற்கு முன் அவரை டெனெரேயின் பின்சீட்டில் ஒரு மணி நேரமாவது உட்கார வைத்துப் பாருங்கள். முடிவு தானாக வந்துவிடும்.

இன்னொரு பிளஸ் சொல்லாமல் விட முடியாது: வால்வு சோதனை 40,000 கி.மீ.க்கு ஒருமுறை. ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு நான்கு ஆண்டுக்கு ஒரு தடவை. டிரான்ஸால்ப்பில் அதே ஆளுக்கு ஏறக்குறைய இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை அந்த வேலை வரும். நாடு விட்டு நாடு போகிற நீண்ட பயணத்தில், தெரியாத ஊரில் எஞ்சினைத் திறக்க வேண்டாம் என்பது பணத்தைவிடப் பெரிய நிம்மதி.

## விலைச் சீட்டில் இல்லாத செலவுகள்

இங்கேதான் பலருடைய கணக்கு தப்புகிறது. ஷோரூம் விலையில் உள்ள வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்கிறார்கள், ஆறு மாதம் கழித்து அந்த வித்தியாசம் துணைப் பொருள்களில் கரைந்துபோகிறது.

டிரான்ஸால்ப்பை மண்ணுக்குத் தயாராக்க: அடித் தகடு, கிராஷ் பார், ரேடியேட்டர் காப்பு, உறுதியான கைக்காப்பு, அகலமான ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில்பார் உயர்த்தி. எடை கூடியவர்களுக்கு ஸ்பிரிங்கும் சேரும். முகப்பு பிளாஸ்டிக் பெரியது, விழுந்தால் உடைகிற பரப்பும் பெரியது. அதனால் கிராஷ் பாரைத் தள்ளிப் போடக் கூடாது.

டெனெரேயைச் சாலைக்குத் தயாராக்க: உயரமான அல்லது அகலமான ஸ்கிரீன், நல்ல சீட், பை மாட்டும் சட்டம். இந்தப் பட்டியல் சின்னது, மலிவானது. ஆனால் உயரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் கதை மாறும். தாழ்ந்த சீட் போடலாம், அது சீட்டின் மென்மையில் சிறிதைப் பிடுங்கும். அதுவும் போதாமல் பின் சஸ்பென்ஷன் லிங்க்கை மாற்றினால் தரை இடைவெளி குறையும், முன்னால் ஃபோர்க்கையும் அதற்கேற்ப நகர்த்த வேண்டும், சைடு ஸ்டாண்ட் நீளமாகிப் போய் வண்டி நிமிர்ந்து நிற்கும், அதையும் வெட்டிக் குறைக்க வேண்டும். இவ்வளவையும் செய்த டெனெரே எதற்காக வாங்கினீர்களோ அதைப் பாதி இழந்துவிட்ட டெனெரே. அந்த நிலை வரும் என்று தெரிந்தால் முதலிலேயே டிரான்ஸால்ப் வாங்குவது புத்திசாலித்தனம்.

இரண்டுக்கும் பொதுவான செலவுகளும் உண்டு. இரண்டிலும் டியூப் உள்ள ஸ்போக் சக்கரங்கள். பஞ்சரானால் பசை தடவிய குச்சியைச் சொருகி அடைத்துவிட்டுப் போக முடியாது. சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, டியூபை மாற்ற வேண்டும். நெம்புகோல், பம்ப், டியூப் மூன்றையும் எப்போதும் வைத்திருங்கள். வீட்டு வாசலில் நிதானமாக ஒருமுறை பின்சக்கரத்தை மாற்றிப் பழகுங்கள். இடம் குறைவென்றால் 21 அங்குல டியூப் ஒன்றை மட்டும் எடுத்துப் போனால் போதும், அவசரத்துக்கு அதைப் பின்சக்கரத்திலும் மடித்து நுழைத்து அடுத்த ஊர் வரை போய்ச் சேரலாம். 18 அங்குல டியூபை முன்சக்கரத்தில் அப்படி இழுத்து மாட்ட முடியாது.

அப்புறம் பெட்டி. இரண்டு வண்டியிலும் பின்பக்கச் சட்டம் முதன்மைச் சட்டத்தோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டது. போல்ட் கழற்றி மாற்ற முடியாது. அலுமினியப் பெட்டிகளில் சுமை ஏற்றி மண்ணில் விழுந்தால் பெட்டி அந்த அடியைச் சட்டத்துக்குக் கடத்தும். சட்டம் வளைந்தால் வரும் செலவு நினைத்துப் பார்க்க முடியாதது. காலும் பெட்டிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். மண் பாதை உண்டு என்றால் துணிப் பைகள்தான் சரி. இது விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் பேசுவதில்லை.

எரிபொருளில் இருவரும் சமம். இரண்டு நிறுவனங்களும் 100 கி.மீ.க்கு 4.3 லிட்டர் என்று சொல்கின்றன. கணக்குப்படி டெனெரே 370 கி.மீ., டிரான்ஸால்ப் 390 கி.மீ. போக வேண்டும். பைகளோடு எதிர்க்காற்றில் வேகமாகப் போனாலும், மணலில் சின்ன கியரில் போனாலும் இது நன்றாகவே குறையும். எந்த வண்டியாக இருந்தாலும் 250 கி.மீ.க்குள் பங்க் பார்த்துவிடுவது நல்லது. அதற்கு மேலே தூரம் வேண்டுமென்றால் 2022-இல் வந்த டெனெரே 700 வேர்ல்ட் ரெய்டு என்ற வடிவம் இருக்கிறது: 23 லிட்டர் டேங்க், ஆனால் 220 கிலோ எடை, 890 மி.மீ. சீட். உயரமும் பலமும் அனுபவமும் உள்ளவர்களுக்கு மட்டும்.

## யாருக்கு எது?

டிரான்ஸால்ப் வாங்குங்கள், உங்கள் பயணத்தில் பெரும்பகுதி தாராக இருந்தால். பின்னால் துணை அடிக்கடி வந்தால். தினசரி வேலைக்கும் இதே வண்டிதான் என்றால். கால் தரையில் பதிந்தால்தான் நம்பிக்கை வரும் என்றால். மண் என்று நீங்கள் சொல்வது சரளையும் காட்டுப் பாதையும்தான் என்றால். என்னிடம் கேட்பவர்களில் அதிகம் பேர் இந்த வகைதான், ஆனால் அவர்களில் பலர் படங்களைப் பார்த்துவிட்டு டெனெரேமேல் கண் வைத்திருக்கிறார்கள். தோற்றத்துக்காக 25 மி.மீ. கூடுதல் உயரத்தையும் 18 குதிரைத்திறன் குறைவையும் ஏற்றுக்கொள்வது, ஒவ்வொரு நாளும் சிறுகச் சிறுகக் கட்டுகிற கடன்.

டெனெரே வாங்குங்கள், தனியாகப் போகிறவராக, சுமை குறைவாக எடுப்பவராக இருந்தால். கல், மணல், ஆழமான சக்கரத் தடம், ஆற்றுப் படுகை இவையெல்லாம் உங்கள் பாதையில் உண்மையாகவே வருமென்றால். நின்றபடி நெடுநேரம் ஓட்டுவீர்கள் என்றால். வால்வு வேலையை நெடுந்தூரம் மறந்திருக்க வேண்டும் என்றால். மண்ணில் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிற, இன்னும் மேலே போக நினைக்கிறவருக்கும் இதுதான். ஏனென்றால் டெனெரேக்குச் சாலை வசதியைச் சேர்ப்பது எளிது, டிரான்ஸால்ப்புக்கு மண் திறனைச் சேர்ப்பது கடினம்.

இந்தக் கடைசி வாக்கியத்துக்கு ஒரே ஒரு விதிவிலக்கு சக்தி. டெனெரேக்கு ஸ்கிரீன் வாங்கலாம், சீட் வாங்கலாம், 18 குதிரைத்திறன் வாங்க முடியாது. சுமையோடு மலையேறுகிற இருவர் என்றால் அந்த விதிவிலக்கே முடிவு.

இரண்டுமே வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடங்களும் உண்டு. மண்ணில் இப்போதுதான் தொடங்குகிறீர்கள், துணைக்கு ஆளில்லாமல் போவீர்கள் என்றால் 200 கிலோ வண்டி விழுந்தால் எப்படித் தூக்குவீர்கள் என்று யோசியுங்கள். ஒருமுறை தூக்கலாம். மணலில் மூன்றாவது முறை, வெயிலில், ஹெல்மெட்டோடு தூக்க முடியாது. 400 சிசி அளவில் உள்ள இலகுவான வண்டி அங்கே பாதுகாப்பானது. மாறாக, மண் என்பது ஆண்டுக்கு ஓரிரு முறை வரும் சரளைச் சாலை மட்டும் என்றால், 19 அங்குல முன்சக்கரமும் டியூப் இல்லாத டயரும் உள்ள வண்டி தாரில் இன்னும் சுறுசுறுப்பாகத் திரும்பும், பஞ்சர் வேலையும் சுலபம்.

## ஓட்டிப் பார்க்கும்போது

ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் போடுவதில் எதுவும் தெரியாது. வழக்கமாகப் போடும் பூட்ஸோடு போங்கள், பூட்ஸின் அடிப்பாகம் உயரத்தை மாற்றும். சரிவான இடத்தில் நிறுத்தி, பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். எஞ்சினை அணைத்து, ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, வண்டியை மெல்ல உங்கள் பக்கம் சாய்த்து, எந்தக் கோணத்தில் கை நடுங்கத் தொடங்குகிறது என்று பாருங்கள். இரண்டு வண்டியிலும் அந்தக் கோணம் வேறாக இருக்கும். நெடுஞ்சாலையில் அரைமணி நேரமாவது ஒரே வேகத்தில் போய்க் காற்று ஹெல்மெட்டை எங்கே அடிக்கிறது என்று கவனியுங்கள். அனுமதி கிடைத்தால் ஒரு மண் பாதையில் எழுந்து நின்று ஓட்டுங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் கிலோமீட்டரைப் பார்ப்பதற்கு முன் அடியில் குனிந்து பாருங்கள். அடித் தகட்டில் ஆழமான தழும்புகள், சைலன்சர் குழாயில் நெளிவு, ஸ்போக்குகளில் துரு, முன் ஃபோர்க் சீலில் எண்ணெய்க் கசிவு ஆகியவை அந்த வண்டி எங்கே ஓடியது என்பதைச் சொல்லிவிடும். தழும்பு இருப்பதாலேயே வேண்டாம் என்பதில்லை. பராமரிப்புச் சீட்டும் தழும்பும் ஒத்துப்போனால் போதும். டிரான்ஸால்ப் 24,000 கி.மீ.யைத் தாண்டியிருந்தால் வால்வு சோதனை நடந்ததற்கான ரசீதைக் கேளுங்கள், இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். டெனெரேயில் உயரம் குறைக்கும் லிங்க் மாட்டியிருக்கிறதா, பழைய லிங்க்கை வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பிறகு சற்றுத் தள்ளிப் பின்னால் நின்று, பின்சக்கரமும் சீட்டின் வாலும் நம்பர் பிளேட்டும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பின்சட்டம் ஒரு பக்கமாக இழுத்திருந்தால், விலையை எவ்வளவு குறைத்தாலும் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.